ஐயருக்குக் குரல் போன லெந்து

மார்ச் 3, திங்கள்

ஆப்பரேஷன் முடிந்தது. இவர் தொண்டையில், குரல் வருகிற நரம்பின் மேல் பயறு அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். பயப்படுகிற மாதிரி கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது.

"உள்ளே எல்லாம் புண்ணா இருக்கு. இதோட எப்படி சார் இத்தனை நாள் மைக் பிடிச்சீங்க? ஈஸ்டர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். அதுக்கப்புறமும் பழைய குரல் வருமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

இவர் கட்டிலில் படுத்தபடி மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சபைப் போதகர், எல்லாருக்கும் ஞானசிகாமணி ஐயர். தூத்துக்குடியில் மட்டுமில்லை, எந்த ஊரில் கன்வென்ஷன் பந்தல் போட்டாலும் இவர் குரலைக் கேட்கத்தான் லாரி பிடித்து வருவார்கள். குரல் போன ஐயரை யாருக்கு வேண்டும்? சபை கொடுத்த குருமனை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவோம்? இதையெல்லாம் இவரிடம் கேட்க முடியாது. பதில் சொல்லக் கூடாதே. அதனால் நகைக்கடைக்காரர் புதுவருஷத்துக்குக் கொடுத்த இந்த டைரியை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரையில் வைத்துச் செய்ததால் சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஒரு காரியம் நடந்துவிட்டது. காலை ஆராதனையை இவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் நடத்தினார். இவர் பக்கத்தில் அங்கி போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். முடிந்து வெளியே வந்ததும் டியூஷன் டீச்சர் செல்லக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயர் லெந்து முழுசும் மௌனமா இருக்கப் போறாவளாம்மா?"

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான இந்த லெந்து வந்துவிட்டால் சபையில் சிலர் கறிமீனை விடுவார்கள், சிலர் தலையில் பூ வைக்க மாட்டார்கள். துறைமுகத்தில் ஒருத்தர் வெற்றிலையை விடுவார். ஐயர் பேச்சை விட்டிருக்கிறார் என்று இவளுக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்? இல்லை, தொண்டையில் கத்தி வைத்தோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஊரார் நோய்க்கெல்லாம் தலையில் கை வைத்து ஜெபிக்கிறவருக்கே இப்படியா என்று கேட்பார்களே. தலையை ஆட்டிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் சபைச் செயலாளர் எட்வின் துரைப்பாண்டி போஸ்டரே போட்டுவிட்டான். கறுப்பு வெள்ளையில் இவர் படம். கீழே "மௌன உபவாசத்தில் நம் ஐயர்". வாட்ஸப் முழுக்க அதுதான்.

இவர் சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினார்: பொய்.

"நான் எங்க பொய் சொன்னேன்? தலையத்தான் ஆட்டுனேன்" என்றேன்.

எத்தனை முறை துடைத்துத் துடைத்து எழுதினாலும் சண்டையில் என்னை ஜெயிக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எட்வின் வாங்கி வைத்திருக்கிற எல்.இ.டி. திரையைப் பற்றி இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். பீடத்துக்குப் பின்னால் சுவர் அளவுக்கு நிற்கிறது. ஆராதனை ஆரம்பிப்பதற்கு முன்னால் அதில் எண் பத்து, ஒன்பது, எட்டு என்று குறைந்துகொண்டே வருகிறது. ராக்கெட் விடப் போகிற மாதிரி எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிறகு டிரம்ஸ். பிறகு ஊதா வெளிச்சம். என் புடவை நிறமே மாறிப்போனது. கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற இடம் எங்கே என்று தேடத் தோன்றியது.

எட்வினைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. காலேஜ் பிள்ளைகள் முன்வரிசையில் வந்து நிற்கிறார்கள். போன வருஷம் அந்த பெஞ்சுகளில் தூசிதான் இருந்தது.

"ஜனங்களுக்கு ஓயாம எதையாவது கொடுத்துட்டே இருக்கணும்மா. ஒரு நிமிஷம் சும்மா விட்டா போனை எடுத்துருவாங்க" என்கிறான். சாப்பிடவும் தூங்கவும் விட்டு மிச்ச நேரமெல்லாம் சபைக்காக ஓடுகிற பையன். அவனை எனக்குப் பிடிக்கும். அந்த ஊதா வெளிச்சத்தைத்தான் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

செல்லக்கனி ஜெபத்துக்கு வந்தாள். குருமனை ஆபீஸ் அறையில் இவர் மேஜைக்கு எதிரே நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடக்கிறது. ஜெபத்துக்கு வருகிறவர்கள் உட்காருகிற இடம். உட்காருகிறார்கள் என்று சொல்வதே அதிகம். "ஐயா, என் மகன்..." என்று ஆரம்பிப்பார்கள். அதற்குள் இவர் எழுந்து தலையில் கை வைத்து ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். நல்ல ஜெபம், கேட்டால் கண்ணீர் வரும். அரை நிமிஷத்தில் ஆமென். அடுத்த ஆள்.

இன்றைக்கு அவள் "ஐயா, என் மகன்..." என்றாள். இவர் சும்மா இருந்தார். வேறென்ன செய்வார்? அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். அதற்கும் பதில் இல்லை என்றதும் அதற்கடுத்தது. நான் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், சன்னல் வழியாக எல்லாம் கேட்டது. மகனுடைய குடியில் ஆரம்பித்தது எங்கெங்கோ போய், அவள் பதினெட்டு வயதில் செய்த ஒரு காரியத்தில் வந்து நின்றது. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அந்த இடத்தில் நான் சன்னலைச் சாத்திவிட்டேன்.

போகும்போது முகம் கழுவின மாதிரி இருந்தாள். "இத்தனை வருசத்துல ஐயர் இன்னைக்குத்தாம்மா எனக்காக நல்லா ஜெபிச்சாவ" என்றாள்.

இவர் ஒரு சொல் பேசவில்லையே என்று சொல்ல வந்தேன். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. இவர் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டில் சத்தமே இல்லை. சொல்லக் கூடாது, நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 19, புதன்

செல்லக்கனி யாரிடம் என்ன சொன்னாளோ தெரியாது, ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சு போட வேண்டியதாகிவிட்டது. காப்பி போட்டே என் கை ஓய்ந்துபோகிறது. பால்காரர் "வீட்ல விசேஷமா?" என்று கேட்கிறார்.

இன்றைக்கு வந்தது சாமுவேல் பாக்கியம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மகள் வேற்று மதத்துப் பையனைக் கட்டியபோது சபை கமிட்டி அவரை ஏதோ பேசிவிட்டது. அன்றோடு கோயில் வாசலை மிதிக்கவில்லை. இவர் வீடு தேடிப் போய் அரை மணி நேரம் புத்தி சொல்லியும் அசையாதவர். அந்த மனிதர் தானாக வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. நான் காப்பி கொண்டு போய் வைத்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் அதையே எடுத்துக் குடித்துவிட்டு எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "அன்னைக்கே இப்படி இருந்திருக்கலாம்லா, ஐயரு" என்றார்.

கர்த்தர் எதை வைத்து வேலை செய்வார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் நல்ல பயம்.

மார்ச் 22, சனி

தலைவலி. சேமியா பாயசம் வைத்தேன். இவர் ஒரு டம்ளர் குடித்தார். எதற்கு என்று கேட்டு எழுதவில்லை. முந்திரி கொஞ்சம் காறலாக இருந்தது, கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

எட்வின் லேப்டாப்போடு வந்தான். இவர் தினமும் காலையில் ஒரு நிமிஷச் செய்தி பேசி அனுப்புவார், "காலைத் துளி" என்று பெயர். துபாய், கனடா வரைக்கும் கேட்கிறார்கள். அது நின்றுபோனதில் எட்வினுக்குத் தூக்கம் இல்லை.

"ஐயா, ஒண்ணு கேட்டுப் பாருங்க" என்று ஒரு பட்டனைத் தட்டினான்.

இவர் குரல் வந்தது. அதே குரல். "பிரியமானவர்களே" என்பதில் கடைசியைக் கொஞ்சம் இழுப்பாரே, அந்த இழுப்புகூட. கண்மணி போல உங்களைக் காக்கிறவர் என்று என்னவோ பேசியது. என் கையிலிருந்த முறுக்குத் தட்டை மேஜையில் வைத்தேன். பேசுகிறவர் என் எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பழைய பிரசங்கம் எல்லாத்தையும் ஒரு ஏ.ஐ. மிஷினுக்குள்ள கொடுத்தோம்யா. இனி நாம தலைப்பு மட்டும் சொன்னாப் போதும், அதுவே எழுதி அதுவே பேசிரும். நீங்க பேசுன மாதிரியேதான் இருக்கும்."

"ஆனா அவங்க பேசலியேப்பா" என்றேன்.

"பேசுனா என்ன சொல்வாங்களோ அதத்தானம்மா சொல்லுது. பழைய செய்திகளிலிருந்துன்னு கீழ போட்டுருவோம். ஈஸ்டருக்கு அப்புறமும் குரல்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு மட்டும் போன வாரம் உண்மையைச் சொல்லியிருந்தோம்.

இவர் சரி என்று தலையை ஆட்டினார். நான் எந்த வாயால் தடுப்பது? இந்தத் தலையாட்டலை ஆரம்பித்து வைத்தவளே நான்தானே.

ஏப்ரல் 4, வெள்ளி

காலைத் துளி அமோகமாக ஓடுகிறதாம். மிஷினுக்கு இருமல் வருவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை. இவர் போனைத் தூரத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார். யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். பெஞ்சில் ஆள் குறையவில்லை. போனில் கேட்டுவிட்டு நேரே நாற்காலிக்கு வருகிறார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

இட்லிக்குச் சட்னி அரைத்துவிட்டு உட்கார்ந்தோம். போனில் காலைத் துளி வந்தது. தட்டினேன்.

"பிரியமானவர்களே, என் மகள் பியூலா நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் எங்களை விட்டுப் போன அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் நின்று துதிப் பாட்டுப் பாடினாள். அதைக் கேட்டு வார்டில் இருந்த நர்சுகள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்..."

இவர் கை இட்லியோடு அப்படியே நின்றது. போனைப் பிடுங்கி அணைத்தார். சிலேட்டை இழுத்து எழுதினார்: நர்சுகள் பாடவில்லையே?

"இல்லை" என்றேன்.

நர்சுகளை மிஷின் சேர்த்துக்கொண்டது. மீதியை மிஷின் சேர்க்கவில்லை. அந்த மீதியை இவர் வாயாலேயே நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பந்தல் பந்தலாக இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஜனங்கள் ஏங்கி அழுவார்கள். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து என் கையைப் பிடித்து, உங்களைப் போல விசுவாசம் வேணும்மா என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன்.

இவர் சிலேட்டைத் துடைத்தார். இன்னொன்று எழுதப் போகிறவர் மாதிரி பென்சிலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். சாம்பார் அடுப்பில் இருந்தது, எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் எட்வினுக்கு இவர் செய்தி அனுப்பியதாகத் தெரிந்தது. காலைத் துளி நிறுத்தப்பட்டுவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

மதுரை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ஆ சொல்லுங்க" என்றார். நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் வந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி வந்தது, ஆனால் வந்தது. "இனிமே கொஞ்சம் கொஞ்சமாப் பேசலாம். பழைய குரல் இல்ல சார், இதுதான் உங்க குரல். பழகிக்கணும்" என்றார். நான் அழுதுவிட்டேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

பஸ்ஸில் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: முதல் வார்த்தை ஈஸ்டர் விடியலில், சபைக்கு. அதுவரை வாய் திறக்க மாட்டேன்.

எட்வினிடம் சொன்னதுதான் தாமதம், போஸ்டர் தயார். "ஐயரின் முதல் வார்த்தை, நேரலையில்". உதய சூரியன் வேறு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரைக்குமான மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள், ஏழாவது எப்போதும் ஐயருடையது. இந்த வருஷம் உபதேசியார் செய்வார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். ஆறு முடிந்தது. இவர் எழுந்து பிரசங்க மேடைக்குப் போனார். எட்வினைப் பார்த்துக் கையைக் காட்டினார். திரை அணைந்தது. பிறகு இவர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

முதலில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். எட்வின் மைக் ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான். நேரலையில் "சவுண்ட் வரல, சவுண்ட் வரல" என்று துபாயிலிருந்து வந்துகொண்டே இருந்ததாம். பிறகு அவனும் விட்டுவிட்டான். ஃபேன் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் காதில் விழவில்லை. காலேஜ் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தன் கையிலும் போன் இல்லை. சாமுவேல் பாக்கியம் கடைசி பெஞ்சில் முழங்காலில் இருந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து ஆள், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று கோயில் முழுக்க முழங்காலில் போனது. ஒருவரும் சொல்லவில்லை. எத்தனையோ எழுப்புதல் கூட்டம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கடவுள் அந்தக் கூரைக்குக் கீழே வந்து நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தலை நிமிரப் பயமாக இருந்தது.

அந்த அமைதியில் எனக்கு ஒரு செருப்பு ஞாபகம் வந்தது. சின்ன செருப்பு, சிவப்பு வார்.

ஏப்ரல் 19, சனி

காலையில் பெஞ்சில் யாரும் இல்லை. எல்லாரும் நாளைய கேக்குக்கும் புதுத் துணிக்கும் அலைகிறார்கள். இவர் ஆபீஸ் அறையில் நாளை பேசப் போவதை எழுதிக்கொண்டிருந்தார். கூட்டிப் பெருக்கத்தான் போனேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நீல நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இவர் நிமிர்ந்தார். ஏதோ கேட்கப் போகிறேன் என்று நினைத்துச் சிலேட்டை எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து அதைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் பாடலங்க" என்றேன்.

இவர் பேனாவையும் மூடி வைத்தார்.

"அன்னைக்கு நான் பாடல. அவ செருப்புல ஒண்ணக் காணோம்னு கட்டிலுக்கு அடியில தேடிட்டு இருந்தேன். வீட்டுக்குப் போகும்போது செருப்பு இல்லாம எப்படிப் போவான்னு. நர்சு வந்து, அம்மா எந்திரிங்கன்னு சொன்னா. நான் கர்த்தரைத் திட்டுனேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டுனேன். நீங்க கன்வென்ஷன்ல இருந்து ஓடி வந்தீங்க. உங்களைப் பார்த்ததும் சொல்லணும்னு வந்தேன், செருப்பக் காணோம்ங்கன்னு. அதுக்குள்ள உங்க கை என் தலையில விழுந்துட்டு. சத்தமா ஜெபிச்சீங்க. வார்டே அழுதுச்சு. அதுக்கப்புறம் நான் சொல்லவே இல்ல. யார்கிட்டயும் சொல்லல."

சொல்லி முடித்தேன். இன்றைக்குத்தான் முடித்தேன். இடையில் யாரும் ஆமென் சொல்லவில்லை.

இவர் எழுந்திருக்கவில்லை. தலையில் கை வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்தபடியே அழுதார், சத்தமில்லாமல், மூக்கு ஒழுக. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தார். பிறகு வாய் திறந்தது. சபைக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த வாய். தகரம் இழுக்கிற அந்தக் குரலில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"பியூலா."

பிரசங்கத்தில் அந்தப் பெயரை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வீட்டில் அவள் போன பிறகு கேட்டதே இல்லை, போன மாதம் அவள் பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்த அன்றுகூட.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று ஓடி, "ஐயரின் முதல் வார்த்தை" என்று பொன்னெழுத்தில் வந்தது. கோயில் கொள்ளாத கூட்டம், வாசலில் எல்லாம் நின்றார்கள். இவர் மைக்கை வாங்கி, அந்தக் கரகரப்பில், "உயிர்த்தெழுந்தார்" என்றார். சனம் ஓவென்று அழுதது.

அப்புறம் சொன்னார். "நான் உபவாசம் இருக்கல. தொண்டையில ஆப்பரேஷன். நீங்க வந்து பேசுனீங்க, நான் வேற வழியில்லாம கேட்டேன். இனிமே வழி இருந்தாலும் கேப்பேன்." எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். சாமுவேல் பாக்கியம் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஈஸ்டர் பிரசங்கத்தில் வருஷாவருஷம் பியூலா வருவாள். இன்றைக்கு வரவில்லை.

பக்கத்தில் செல்லக்கனி மூக்கைச் சிந்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "முத வார்த்தையிலயே எல்லாரையும் அழ வச்சுட்டாவளேம்மா" என்றாள்.

ஆமா என்று தலையை ஆட்டினேன். அது இரண்டாவது வார்த்தை என்று சொல்லவில்லை.